அரை லிட்டர் தண்ணீர் கொழுப்பாக மாறும் விதம்: உடல்கொழுப்பு அளவீடுகளை எவ்வளவு நம்பலாம்?

காலையில் வெறும் வயிற்றில் உடல்கொழுப்பை அளந்துவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். உடலில் ஒரு கிராம் கொழுப்புகூடச் சேரவில்லை. ஆனாலும் வெறுங்காலுடன் ஏறி நிற்கும் டிஜிட்டல் எடை மெஷின் அந்த 500 கிராமில் பெரும்பகுதியைக் கொழுப்புக் கணக்கில் எழுதும். எக்ஸ்ரேயால் அளக்கும் டெக்ஸா ஸ்கேன் அதைத் தசைப் பக்கம் சேர்க்கும். தொட்டி நீரில் மூழ்கி எடை பார்த்தால் ஏறக்குறையப் பாதி கொழுப்பு, பாதி மற்றவை என்று பிரியும். தோல்மடிப்பைப் பிடித்து அளக்கும் காலிப்பருக்கோ அந்தத் தண்ணீர் தெரியவே தெரியாது.

இவற்றில் எந்தக் கருவியும் பழுதில்லை. உயிரோடிருக்கும் ஒருவரின் கொழுப்பை நேரடியாக நிறுக்க வழியே கிடையாது. ஒரு கருவி உடலின் அடர்த்தியைப் பார்க்கிறது, இன்னொன்று எக்ஸ்ரே எவ்வளவு குறைந்து வெளிவருகிறது என்று பார்க்கிறது, மற்றொன்று மின்சாரத்துக்கு உடல் காட்டும் தடையை அளக்கிறது. அங்கிருந்து ‘கொழுப்பு சதவீதம்’ வரைக்கும் உள்ள தூரத்தை ஊகம்தான் கடக்க வைக்கிறது. ஒவ்வோர் அளவீட்டு முறையும் உங்கள் உடலைப் பற்றிச் சிலவற்றை உங்களைக் கேட்காமலே மாறாதவை என்று வைத்துக்கொள்கிறது. அந்த ஊகம் எது, உங்கள் உடல் அதற்குள் அடங்குகிறதா என்று தெரிந்தால்தான் வரும் எண்ணுக்குப் பொருள் உண்டு.

நேரடி அளவு என்றால் சடலத்தை அறுத்துத் தோல், கொழுப்புத்திசு, தசை, எலும்பு, உள்ளுறுப்பு என்று தனித்தனியே நிறுப்பதுதான். 25 உடல்களை அப்படிப் பிரித்து நிறுத்த பிரஸ்ஸல்ஸ் ஆய்வு 1984இல் வெளியானது. கொழுப்புத்திசுவை நீக்கிய பிறகு மிஞ்சும் எடையில் தசையின் பங்கு ஆளுக்கு ஆள் ஏறத்தாழ 42 முதல் 59 சதவீதம் வரை வேறுபட்டது. எலும்பின் பங்கு 16 முதல் 26 சதவீதம் வரை. கொழுப்பில்லாத உடல் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் என்ற ஊகத்தின் மேல் கட்டிய முறைகள் எல்லாம் இந்த இரண்டு இடைவெளிகளையும் தாண்டியாக வேண்டும்.

அடர்த்தியிலிருந்து கொழுப்புக்கு

நீருக்குள் எடை போடும் முறையை அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே 1942இல் கவனத்துக்குக் கொண்டுவந்தார். எடை கூடுதல் என்று ராணுவத்துக்குத் தகுதியற்றவர்களாகக் கருதப்பட வேண்டிய தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து வீரர்களிடம் கூடுதலாக இருந்தது கொழுப்பல்ல, தசை என்று இந்த முறையால்தான் அவர் காட்டினார். தரையில் எடை, நீருக்குள் எடை, நீரின் வெப்பநிலை மூன்றும் தெரிந்தால் உடலின் கன அளவு கிடைக்கும். எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி. கொழுப்பின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 0.9 கிராம், மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 1.1 கிராம் என்று வைத்துக்கொண்டு எழுதியதுதான் சிரி (Siri) சூத்திரம்: 495ஐ அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழித்தால் கொழுப்பு சதவீதம். தண்ணீரின் அடர்த்தி இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கிறது. அதனால்தான் குடித்த 500 கிராமில் சுமார் 240 கிராமைச் சூத்திரம் கொழுப்பு என்கிறது.

எலும்பும் தசையும் அடர்ந்த ஒரு விளையாட்டு வீரரின் கொழுப்பில்லா உடல் 1.1ஐத் தாண்டி இருக்கலாம். அவரிடம் கொழுப்பும் மிகக் குறைவு என்றால் சூத்திரம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். கொழுப்பு மைனஸில் வந்ததாக ஆய்வுகளிலேயே பதிவாகியிருக்கிறது. எலும்பு தேய்ந்த முதியவரிடம் இதற்கு நேர்மாறாக, இல்லாத கொழுப்பு இருப்பதாகக் காட்டும்.

மூழ்கும்போது நடக்கும் பெரிய தவறு மூச்சில்தான். கடைசிச் சொட்டு காற்றையும் வெளியே ஊதிவிட்டு, முழுக்க மூழ்கி, தராசு அலையாமல் நிற்கும் வரை அசையாமல் இருக்க வேண்டும். பழக்கமில்லாதவர் பாதிக் காற்றை உள்ளேயே வைத்துக்கொண்டு மூழ்குவார். முழுக்க ஊதிய பிறகும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று தங்கும். அதைத் தனியாக அளக்க வேண்டும். வயதையும் உயரத்தையும் வைத்து உத்தேசமாகப் போட்டால் 300 மி.லி. பிசகுவது எளிது. 72 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு 100 மி.லி. பிசகும் 0.7 சதவீதப் புள்ளி. 300 மி.லி. என்றால் இரண்டு புள்ளி போய்விட்டது.

1990களின் நடுவில் வந்த பாட் பாட் (Bod Pod) என்ற கருவி இதே வேலையைத் தண்ணீருக்குப் பதில் காற்றை வைத்துச் செய்கிறது. முட்டை வடிவ அறைக்குள் உட்கார்ந்தால், அழுத்த மாற்றத்தை வைத்துக் கன அளவைக் கணக்கிடும். வயதானவர்களுக்கும் நீருக்குப் பயப்படுபவர்களுக்கும் இது வசதி. ஆனால் உடையில் கறாராக இருக்க வேண்டும். தோலையும் முடியையும் ஒட்டியிருக்கும் காற்றின் வெப்பநிலை அமுங்கும்போதும் மாறாமல் இருப்பதால், அது அறையின் மற்ற காற்றைவிடச் சுமார் 40 சதவீதம் எளிதாக அமுங்கும். தொளதொள டிராயர், கட்டாத தலைமுடி, அடர்ந்த தாடி எல்லாம் அந்தக் காற்றைப் பிடித்துவைக்கும். உடல் உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும், கொழுப்பும் குறைவாக வரும். இறுக்கமான நீச்சலுடையும் தலையுறையும் அணியச் சொல்வது இதற்காகத்தான். குளித்த ஈரத்தோடும் உடற்பயிற்சி செய்த சூட்டோடும் உள்ளே போகக் கூடாது.

டெக்ஸா

‘தங்கத் தரம்’ என்று டெக்ஸாவைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அது நல்ல முறைதான், ஆனால் அந்தப் பட்டம் கொஞ்சம் கூடுதல். இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே உடலைக் கடக்கின்றன. இரண்டும் எந்த விகிதத்தில் குறைகின்றன என்பதை வைத்து ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு பொருள்களைத்தான் பிரிக்க முடியும். எலும்பு இல்லாத இடத்தில் கொழுப்பும் மற்ற மென்திசுவும் பிரியும். எலும்பு இருக்கும் இடத்தில் எலும்பையும் மற்றதையும் மட்டுமே பிரிக்க முடியும், அந்த ‘மற்றதில்’ கொழுப்பு எவ்வளவு என்பது பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நிரப்புவது. முழு உடல் ஸ்கேனில் ஏறத்தாழ 40 சதவீதப் புள்ளிகளில் எலும்பு குறுக்கிடுகிறது. விலாவும் முதுகெலும்பும் நெருங்கிய மார்புப் பகுதியில் இந்த நிரப்புதல் அதிகம்.

நிரப்பும் விதமும் திருத்தம் செய்யும் விதமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஹோலாஜிக் மெஷினில் எடுத்த எண்ணையும் ஜிஇ லூனாரில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்து ‘இரண்டு சதவீதம் குறைந்தது’ என்று சொல்ல முடியாது. ஒரே மெஷினில் மென்பொருள் பதிப்பு மாறினாலும் எண் நகரும்.

டெக்ஸாவின் உண்மையான பலம் திரும்ப அளந்தால் ஏறக்குறைய அதே எண் வருவதில்தான். அதற்கும் ஓர் எல்லை உண்டு. எலும்பு அடர்த்தி அளவீட்டுக்கான சர்வதேச அமைப்பான ஐஎஸ்சிடி, ஸ்கேன் எடுப்பவரின் பிழை மொத்தக் கொழுப்பு எடையில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவில் உண்மையாகவே மாற்றம் நடந்தது என்று சொல்ல அதை 2.77ஆல் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 8 சதவீதம். 20 கிலோ கொழுப்பு உள்ள ஒருவருக்கு அது 1.6 கிலோ. மூன்று வாரத்தில் 700 கிராம் இறங்கியதை டெக்ஸா காட்டினால் அதை மாற்றம் என்று எண்ணாதீர்கள், அளவீட்டின் தற்செயல் ஏற்ற இறக்கம் என்று எண்ணுங்கள்.

நம் ஊர்களில் பெரும்பாலான டெக்ஸா மெஷின்கள் எலும்புத் தேய்மானம் பார்ப்பதற்காக வைத்தவை. டெக்ஸா வேண்டும் என்று மட்டும் சொன்னால் இடுப்பையும் முதுகெலும்பையும் எடுத்து அனுப்பிவிடுவார்கள். ‘ஹோல் பாடி, பாடி காம்போசிஷன்’ எடுப்பார்களா என்று முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். வளையல், மெட்டி, ஜிப், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உலோகத்தை மெஷின் எலும்பு போலவே பார்க்கும். காலையில் வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்துவிட்டு, முந்தைய நாள் கடும் பயிற்சி இல்லாமல் போக வேண்டும். கைகால்கள் படுக்கைக் கோட்டுக்கு வெளியே போகாமல் வைக்கச் சொல்வார்கள். உடல் பெரியவர்களுக்கு ஒரு கை வெளியே போனால், அந்தக் கையின் கணக்கை மற்றக் கையிலிருந்து எடுத்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்படிச் செய்தார்களா என்று கேட்டுக் குறித்துவையுங்கள், அடுத்த முறையும் அதே விதத்தில் செய்ய வேண்டும். கதிர்வீச்சு சில மைக்ரோசீவர்ட்தான், ஓரிரு நாளில் இயற்கையாகவே நம்மீது படும் அளவு. கர்ப்பிணிகளுக்கு எடுப்பதில்லை.

தங்கத் தரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அது நான்கு கூறு முறை. எடை, கன அளவு, உடல் நீர், எலும்புத் தாது நான்கையும் தனித்தனியாக அளந்து, ஊகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுவது. நீரை அளக்க டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, மூன்று நான்கு மணி நேரம் கழித்து உமிழ்நீரில் அது எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்ப்பார்கள். கொழுப்பில்லா உடலில் 73 சதவீதம் நீர் என்ற பொதுக்கணக்குக்குப் பதில் உங்கள் நீர் இவ்வளவு என்று தெரியும். ஆய்வுக்கூடங்களுக்கு வெளியே இது கிடைக்காது. மற்ற முறைகளைச் சோதிக்கும் உரைகல் இதுதான், டெக்ஸாவும் இதன் முன்னால் ஆளுக்கு ஆள் சில புள்ளிகள் தவறுகிறது.

மின்சாரம் பாயும் மெஷின்கள்

ஜிம்மில் கையில் பிடித்து நிற்கும் மெஷினும் வீட்டில் இருக்கும் ஸ்மார்ட் எடை மெஷினும் ஒரே தத்துவம். உணர முடியாத அளவு சிறிய மின்னோட்டம் பாய்கிறது, பழைய மரபில் 50 கிலோஹெர்ட்ஸில். நீரும் உப்பும் உள்ள தசை நன்றாகக் கடத்தும், கொழுப்பு கடத்தாது. மெஷின் அளப்பது தடையை மட்டும்தான். உயரத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்து, எடை, வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டுக் கொழுப்பில்லா எடையைக் கண்டுபிடிக்கிறது. மிச்சம் கொழுப்பு.

ஜெனீவாவில் உருவாகி 2001இல் வெளியான பரவலான சூத்திரம் ஒன்றில் எடைக்கு முன்னால் உள்ள எண் 0.231. அரை லிட்டர் தண்ணீர் வயிற்றில் இருக்கிறது, தடையில் ஏறக்குறைய மாற்றமில்லை, எடை மட்டும் 500 கிராம் கூடியது. 500ஐ 0.231ஆல் பெருக்கினால் 115 கிராம் கொழுப்பில்லா எடைக்குப் போகும், மீதி 385 கிராம் கொழுப்பு.

தடையில் ஏன் மாற்றமில்லை? மின்சாரத்துக்கு நம் உடல் ஐந்து உருளைகள்: இரண்டு கை, இரண்டு கால், ஓர் உடற்பகுதி. கைகால்கள் மெல்லியவை, நீளமானவை, அதனால் மொத்தத் தடையில் பெரும்பங்கு அவற்றுடையது. உடல் எடையில் ஏறக்குறையப் பாதியைச் சுமக்கும் உடற்பகுதி அகலமாக இருப்பதால் தடைக்கு அது தரும் பங்கு பத்தில் ஒன்று போலத்தான். தொப்பை இருக்கும் இடத்தைத்தான் மின்சாரம் மிகக் குறைவாகக் கவனிக்கிறது. இரு பாதம் மட்டும் வைக்கும் மெஷினில் ஓட்டம் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும். வயிற்றைப் பற்றி அது சொல்வதெல்லாம் கால்களிலிருந்து எடுத்த ஊகம். எட்டு மின்முனைகள் கொண்ட ஜிம் மெஷின் கைகளையும் உடற்பகுதியையும் தனித்தனியே அளப்பதால் இதைவிட மேல். அப்படியிருந்தும் ஒரு தனி ஆளின் எண் டெக்ஸாவிலிருந்து நான்கைந்து புள்ளி விலகுவது அரிதில்லை. மெலிந்தவருக்குக் கூட்டியும் பருத்தவருக்குக் குறைத்தும் சொல்லும் போக்கு இந்த முறைக்கு உண்டு.

‘டெக்ஸாவுடன் 98 சதவீதம் பொருந்துகிறது’ என்ற வகை விளம்பரத்தைக் கண்டால் நின்று யோசியுங்கள். அவர்கள் சொல்வது தொடர்புக் கெழு, அதாவது இரண்டு எண்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு, 0.98 என்பதை. எல்லோருக்கும் உண்மையைவிட 5 புள்ளி கூட்டிச் சொல்லும் மெஷினுக்கும் தொடர்புக் கெழு 1.00 வரும். பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1986இலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள்: இரண்டு முறைகள் ஒத்துப்போகின்றனவா என்றால் ஒவ்வொருவருக்கும் வரும் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும், அந்த வித்தியாசம் எவ்வளவு பரந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். அந்த எண் விளம்பரத்தில் வருவதில்லை.

மின் மெஷின் வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், நிலைமையை மாற்றாமல் அளந்தால் போதும். எழுந்து, சிறுநீர் கழித்து, காபிக்கு முன்னால். முந்தைய 12 மணி நேரத்தில் உடற்பயிற்சி இல்லை, 24 மணி நேரத்தில் மது இல்லை. பாதம் வெடித்துக் காய்ந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் குளியல் எடுத்த நாளில் அளக்காதீர்கள், எண்ணெய் மின்சாரத்தைத் தடுக்கும். தொடைகள் உரசினால் ஓட்டம் குறுக்கு வழியில் போகும், கொஞ்சம் அகட்டி நில்லுங்கள். மாதவிடாய் சுழற்சியில் உடல் நீர் ஏறி இறங்குவதால் பெண்கள் சுழற்சியின் அதே நாளோடு ஒப்பிடுவது நல்லது. ‘அத்லெட் மோட்’ பொத்தான் வேறு சூத்திரத்துக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். நடுவில் அதை மாற்றினால் ஒரே நாளில் சில புள்ளிகள் ‘இறங்கிவிடும்’. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் ஏறக் கூடாது.

கிள்ளி அளப்பது

நன்றாகக் கற்ற கை ஒன்று கிடைத்தால் தோல்மடிப்பு முறைதான் செலவுக்கு மிகப் பெரிய பலன் தருவது. சோம்பலாகச் செய்தால் மிக மோசமானதும் இதுதான். முதலில் இடத்தைக் குறிக்க வேண்டும். புஜத்தின் பின்பக்கம் என்றால் தோள் எலும்பின் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியை டேப் வைத்துக் கண்டு, பேனாவால் குறித்து, வலது கையில்தான் எப்போதும். குறிக்கு ஒரு செ.மீ. தள்ளிக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலையும் கொழுப்பையும் சேர்த்துத் தசையிலிருந்து விலக்கிப் பிடியுங்கள். தசையும் சேர்ந்து வந்ததாகச் சந்தேகமிருந்தால் கையை இறுக்கித் தளர்த்தச் சொல்லுங்கள், தசை நழுவிவிடும். காலிப்பரின் தாடை மடிப்புக்குச் செங்குத்தாக, குறியின் மேல். காலிப்பரின் பிடியை முழுக்க விட்டுவிட்டு, தோலைப் பிடித்த விரல்களை விடாமல், இரண்டு நொடியில் படியுங்கள். நான்கு நொடி பார்த்துக்கொண்டே இருந்தால் கொழுப்பு அமுங்கி எண் இறங்கும். எல்லா இடங்களையும் ஒரு சுற்று முடித்த பிறகே இரண்டாவது சுற்று. ஒரே இடத்தில் அடுத்தடுத்துக் கிள்ளினால் அதுவும் அமுங்கும்.

ஹார்பென்டன், லாங்கே போன்ற காலிப்பர்கள் ஒரு சதுர மி.மீ.க்கு 10 கிராம் அழுத்தம் தருவதாகச் செய்யப்பட்டவை. அப்படியும் ஹார்பென்டன் லாங்கேயைவிடக் குறைவாகக் காட்டும். சூத்திரம் எந்தக் காலிப்பரில் பிறந்ததோ அதோடுதான் பொருந்தும். ஸ்பிரிங் இல்லாத பிளாஸ்டிக் காலிப்பரில் அழுத்தம் உங்கள் கட்டைவிரல் பொறுத்தது.

35 வயது ஆண் ஒருவர், 170 செ.மீ., 72 கிலோ. ஜாக்சன்–பொலாக் மூன்று இட முறையில் மார்பு, வயிறு, தொடை மடிப்புகளின் கூட்டல் 60 மி.மீ. என்றால் அடர்த்தி 1.0565, சிரியில் 18.5 சதவீதம். ஒவ்வோர் இடத்திலும் 3 மி.மீ. கூடப் பிடித்துவிட்டால் 21.0. வேறொரு பயிற்சியாளர் பிடித்தால் 3 மி.மீ. வித்தியாசம் வருவது சாதாரணம்.

அதே ஆளை டேப்பால் அளப்போம். தொப்புள் மட்டத்தில் 92 செ.மீ., கழுத்து 38. அமெரிக்கக் கடற்படையின் சூத்திரம் 23.1 சதவீதம் என்கிறது. டேப் தளர்ந்து 94 என்று படித்தால் 24.4. உயரத்தை இடுப்பளவால் வகுக்கும் 2018ஆம் ஆண்டின் ஆர்எஃப்எம் முறையில், இடுப்பும் 92 என்றே கொண்டால், 64லிருந்து 20 மடங்கு 1.848 போக 27.0. பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்), வயது, ஆணா பெண்ணா என்பதை மட்டும் வைத்து டோய்ரன்பெர்க் 1991இல் தந்த சூத்திரத்தில் 21.7. ஒரே ஆள், ஒரே காலை, 18.5 முதல் 27.0 வரை. எடை குறைப்பு விளம்பரத்தில் ‘முன்’ ஒரு முறையிலும் ‘பின்’ வேறொரு முறையிலும் அளந்தால் உடம்பில் எதுவும் நடக்காமலே எட்டு புள்ளி இறக்கிக் காட்டலாம்.

யாருடைய உடலில் பிறந்த சூத்திரம்

உலகமெங்கும் பயன்படும் டர்னின்–வொமர்ஸ்லி தோல்மடிப்பு அட்டவணை 1974இல் வந்தது. கிளாஸ்கோவில் 209 ஆண்களையும் 272 பெண்களையும் நீருக்குள் எடை போட்டு உருவாக்கினார்கள். அவர்களே சொன்ன பிழை பெண்களுக்கு 3.5, ஆண்களுக்கு 5 சதவீதம். ஸ்காட்லாந்து உடலுக்கே அவ்வளவு. தெற்காசியர்களின் உடல் அமைப்பு வேறு: அதே எடையில் தசை குறைவு, கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றுப் பக்கம். 2004இல் லான்செட் இதழில் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே போட்டு இதைக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. டெக்ஸாவில் யுட்கினின் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குடையது 21.2. ஐரோப்பிய உடல்களில் பிறந்த சூத்திரம் நம்மில் ஒருவருக்குக் குறைத்துச் சொன்னால் அதில் வியப்பில்லை. உங்கள் மெஷினின் கையேட்டில் இன வாரியான தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது.

அதனால் நம் ஆட்களுக்கு இடுப்பளவைக் கொழுப்பு சதவீதத்துக்கு மேலே வைக்கிறேன். சர்க்கரைக்கும் இதயத்துக்கும் கேடு செய்வதில் முதலிடம் உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்புக்கு, அதை நேராகக் காட்டுவது சிடியும் எம்ஆர்ஐயும்தான். எடை மெஷினில் ‘விசரல் ஃபேட் லெவல் 9’ என்று வருவது ஸ்கேன் அல்ல. டேப் அதைவிட நேர்மையானது. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சு விட்ட முடிவில், தரைக்கு இணையாக, தோல் அமுங்காமல். இந்தியர்களுக்கான வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80.

மூன்று மாதம் உடம்பைக் கவனிக்கப் போகிறீர்கள் என்றால் டேப்பை வாரம் ஒரு நாள், அதே நாள் காலையில் பிடியுங்கள். மின் மெஷின் இருந்தால் தினமும் ஏறி, ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்கள். டெக்ஸாவுக்குப் பணம் இருந்தால் தொடக்கத்தில் ஒன்று, மூன்று மாதம் கழித்து அதே மெஷினில் ஒன்று, நடுவில் வேண்டாம். காலிப்பர் பிடிப்பவர் இருந்தால் மாதம் ஒரு முறை, அதே ஆள், அதே காலிப்பர். நோட்டில் சதவீதத்தை எழுதாமல் ஒவ்வோர் இடத்தின் மி.மீ. எண்ணையும் அப்படியே எழுதுங்கள். நாளை வேறு சூத்திரம் போட வேண்டியிருந்தாலும் அந்த எண்கள் பயன்படும்.